ஆப்பிரிக்கக் கிராமங்களில் மரம் வளர்க்க உதவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கக் கிராமங்களில் மரம் வளர்க்கும் குழுக்களுக்குச் சில வருடங்களாக என்னால் முடிந்த தொகையை அனுப்பி வருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டிலும் வேலையிடத்திலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாமே நியாயமான சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை அப்புறம்.

ஆப்பிரிக்கான்னாலே பாலைவனம்தானே? அங்கே மரம் நட்டா வளருமா?

வளரும். 54 நாடுகள் உள்ள கண்டம் அது. காங்கோ ஆற்றுப் படுகையில் இருப்பது அமேசானுக்கு அடுத்து உலகின் மிகப் பெரிய மழைக்காடு. கென்யா, எத்தியோப்பியா மலைப்பகுதிகளில் நல்ல மழையும் குளிரும் உண்டு. சஹாராவுக்குத் தெற்கே செனகலிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் சாஹேல் என்ற வறண்ட பட்டையில்கூட ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும். கம்பும் சோளமும் அங்கே அந்த மழையை நம்பித்தான் விளைகின்றன.

நம் வீட்டுக் குழம்பில் இருக்கும் புளியின் மரம்கூட ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டதுதான். சாஹேல் கிராமங்களில் அது இன்றும் வயலோரத்தில் நிற்கிறது.

காட்டை அந்த மக்களே வெட்டிட்டாங்க. இப்போ நாம ஏன் காசு கொடுக்கணும்?

விறகுக்கும் கரிக்கும் மக்கள் வெட்டியது உண்மை. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. கென்யாவின் மலைச்சரிவுகளில் காலனி ஆட்சிக் காலத்தில் இயற்கைக் காடு அழிக்கப்பட்டு, தேயிலை, காப்பித் தோட்டங்களும் பைன், சைப்ரஸ் தோப்புகளும் வந்தன. தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் கால்நடைக்கு நோய் பரப்பும் செட்சி ஈயை ஒழிக்க வேண்டும் என்று புதர்க்காட்டைப் பெரும் பரப்பில் வெட்டினார்கள். பருத்திக்கு நிலம் வேண்டும் என்றும் வெட்டினார்கள்.

சாஹேல் நாடுகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன வனச் சட்டங்களின்படி, விவசாயியின் சொந்த வயலில் நிற்கும் மரம்கூட அரசுக்குச் சொந்தம். கிளையை வெட்டினாலும் அபராதம். மரத்தால் பயன் இல்லை, தொல்லைதான் என்று ஆனபின் யார் வளர்ப்பார்கள்? முளைக்கும்போதே பிடுங்கிவிடுவது சுலபமாகிவிட்டது. 1970களிலும் 1980களிலும் கடும் பஞ்சம் வந்தபோது நிழலும் தீவனமும் இல்லாமல் அதே மக்கள்தான் தவித்தார்கள்.

இந்த மாதிரி ஊர் மக்களே மரம் நடுறதை யார் ஆரம்பிச்சது?

ஊர் மக்கள் மரம் வளர்ப்பது எங்குமே பழைய விஷயம். இயக்கமாக உலகம் அறிந்தது என்றால் கென்யாவின் வங்காரி மாத்தாயைச் சொல்ல வேண்டும். நைரோபி பல்கலைக்கழகத்தில் கால்நடை உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர். விறகுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது, ஓடை வற்றிவிட்டது, மாட்டுக்குத் தீவனம் இல்லை என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டு, 1977ல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார்.

படிக்காத பெண்களால் நாற்றங்கால் நடத்த முடியாது என்று வனத்துறையினர் நினைத்தார்கள். பெண்களோ பழைய பானையிலும் கிடைத்த டப்பாவிலும் விதை போட்டு, பக்கத்துக் காட்டு மரங்களின் கன்றுகளை வளர்த்துக் காட்டினார்கள். நட்ட கன்று பிழைத்தால்தான் சிறு தொகை கைக்கு வரும் என்பது அந்த இயக்கத்தின் விதி. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இந்த விதிதான். 2004ல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, 3 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை அந்தப் பெண்கள் நட்டிருந்தார்கள். 2011ல் மாத்தாய் காலமானார். இயக்கம் தொடர்கிறது.

மரமே நடாம காடு கொண்டுவந்தாங்கன்னு சொல்றீங்களே, அது எப்படி?

இதுதான் நான் எல்லோருக்கும் விளக்க விரும்பும் விஷயம். 1980களின் தொடக்கத்தில் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மரம் நடும் திட்டம் ஒன்றை நடத்தினார். நட்டதில் பெரும்பாலானவை செத்தன. 1983ல் ஒருநாள், மணல் பாதைக்காக வண்டி டயரில் காற்றை இறக்க நிறுத்தியவர், பக்கத்தில் இருந்த புதரை உற்றுப் பார்த்தார். அது வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர். அப்படிப்பட்ட துளிர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தன. வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தது. விதைப்புக்கு முன் விவசாயிகள் ஆண்டுதோறும் அவற்றை வெட்டி எரித்துவந்ததால் மரமாக எழும்பவே இல்லை.

செய்ய வேண்டிய வேலை எளிது. ஒரு கட்டையில் கிளம்பும் பல துளிர்களில் நேரான சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியது விறகாகும். விட்டது ஆழ வேர் ஏற்கெனவே இருப்பதால் விறுவிறுவென்று வளரும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதலில் சிலர் சிரித்தார்கள், வளர்ந்த மரத்தை மற்றவர்கள் திருட்டுத்தனமாக வெட்டியதும் நடந்தது. 1984 பஞ்சத்தின்போது உணவுக்கு வேலை என்ற திட்டத்தோடு இதைச் சேர்த்ததும் ஊர் ஊராகப் பரவியது. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பிடி தளர்ந்ததும் பரவல் இன்னும் வேகமானது.

பின்னாளில் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் பார்த்தபோது தெற்கு நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்ப வந்திருந்தன. சுமார் 20 கோடி மரங்கள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இதைச் செய்தவர்கள் அந்த ஊர் விவசாயிகள், அவரவர் வயலில்.

அப்போ நடவே வேண்டாமா?

அடிக்கட்டை இருக்கும் இடத்தில் முதலில் அதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கட்டையே இல்லாத இடம், மண் கட்டிதட்டிப் பாறையான இடம், சதுப்புநிலக் கரையோரம் இங்கெல்லாம் நடவோ விதைக்கவோ வேண்டியிருக்கும்.

புர்கினா ஃபாசோவின் வடக்கே, கூர்கா என்ற ஊரில் யாகூபா சவதோகோ என்ற விவசாயி இருந்தார். அந்தப் பகுதியின் பழைய ஜாய் குழி முறையை அவர் மேம்படுத்தினார். கோடையில், மண் இறுகிக் கிடக்கும்போதே சிறுசிறு குழிகள் தோண்டி எருவும் இலைதழையும் போட்டுவிடுவார். எருவைத் தேடிக் கரையான்கள் வந்து மண்ணைத் துளைக்கும். மழை பெய்ததும் தண்ணீர் ஓடிப் போகாமல் அந்தத் துளைகள் வழியே உள்ளே இறங்கும். தானியத்தோடு மர விதைகளும் அதே குழிகளில் முளைத்தன. அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்றார்கள், ஒருமுறை அவர் தோப்புக்குத் தீயும் வைத்தார்கள். அவர் விடவில்லை. வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் பலவகை மரங்கள் கொண்ட ஒரு காடே உருவானது. 2018ல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்கும் ரினாடோவுக்கும் ஒரே ஆண்டில் கிடைத்தது. சவதோகோ 2023ல் காலமானார்.

என்ன மரம் வைக்கிறாங்க? நம்ம ஊர் மாதிரி யூகலிப்டஸ்தானா?

யூகலிப்டஸும் நிறைய இருக்கிறது. எத்தியோப்பியாவில் 1890களில் அடிஸ் அபாபாவின் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கக் கொண்டுவந்தார்கள். மரக்கம்புக்கும் வீடு கட்டவும் உடனே காசாகும் மரம் என்பதால் விவசாயிகள் இன்றும் விரும்புகிறார்கள். தண்ணீரை அதிகம் உறிஞ்சும், அடியில் மற்றது வளராது என்ற குறையும் உண்டு. ஓடைக்கரையில் அதை வைக்கும் திட்டத்துக்கு நான் பணம் தரமாட்டேன்.

வயலுக்கு ஏற்ற மரம் என்றால் காவோ. வேலமரத்துக்கு உறவுக்காரன் போல இருக்கும். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், கோடையில் துளிர்க்கும். அதனால் பயிருக்கு வெயில் குறையாது, கோடையில் ஆட்டுக்கு இலையும் நெற்றும் கிடைக்கும், மண்ணில் தழைச்சத்தும் சேரும். இது தவிர விதையில் கொழுப்பு தரும் ஷியா, பருத்த அடிமரம் கொண்ட பாவோபாப், கோந்து தரும் வேல மரங்கள். நம் வேம்பும் முருங்கையும் அங்கே நன்றாகவே குடியேறிவிட்டன. நைஜரின் மஜ்ஜியா பள்ளத்தாக்கில் 1970களில் காற்றுத் தடுப்பாக வரிசை வரிசையாக நட்டது வேம்பைத்தான். முருங்கைக்கீரை நைஜரில் அன்றாட உணவு.

தப்பான மரம் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கென்யாவின் பாரிங்கோ பகுதிக்கு 1980களில் விறகுக்காகவும் நிழலுக்காகவும் ஒரு மரத்தைக் கொண்டுபோனார்கள். அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. இனிப்பான அதன் நெற்றைத் தின்று ஆடுகளுக்குப் பல் கொட்டியது. இல்சாமுஸ் என்ற மேய்ச்சல் சமூகத்தினர் பல் இல்லாத ஆடு ஒன்றைச் சாட்சியாக நீதிமன்றத்துக்கே கூட்டிப் போனார்கள். அந்த மரம் நம் சீமைக் கருவேலம்.

ஒரு மரத்துக்கு ஒரு டாலர்னு விளம்பரம் வருதே, அதை நம்பலாமா?

பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு டாலருக்குள் என்ன அடங்குகிறது என்று கேளுங்கள். கன்று, பை, வண்டிக் கூலி, குழி வரை அடங்கும். ஆடு கடிக்காமல் வேலி, முதல் கோடையில் தண்ணீர், செத்த கன்றுக்குப் பதில் கன்று, இரண்டு மூன்று வருடம் போய்ப் பார்க்கும் ஆளின் சம்பளம் இவையெல்லாம் பெரும்பாலும் அடங்காது. கன்று சாவதோ இந்த இரண்டாவது பட்டியலில் குறை வைத்தால்தான்.

ஆகவே "எத்தனை நட்டீர்கள்" என்பதோடு நிறுத்தாமல் "மூன்றாம் வருடம் எத்தனை உயிரோடு இருந்தன, எண்ணியது யார்" என்று கேளுங்கள். நைஜரில் நடந்தது போன்ற வேலைக்கு மரக்கணக்கு விலையே பொருந்தாது. அங்கே பணம் பயிற்சிக்கும், ஊர்க்கூட்டத்துக்கும், காவலுக்கும் போகும். புகைப்படத்தில் காட்ட எதுவும் இருக்காது. ஆனாலும் என் கணிப்பில் ரூபாய்க்கு அதிக மரம் கிடைப்பது அதில்தான்.

எத்தியோப்பியாவில ஒரே நாள்ல 35 கோடி மரம் நட்டாங்களாமே?

2019 ஜூலை 29 அன்று, 12 மணி நேரத்தில் 35 கோடிக்கும் மேல் நட்டதாக அந்த அரசு அறிவித்தது. லட்சக்கணக்கான மக்கள் வெளியே வந்து நட்டார்கள், அந்த உற்சாகம் பெரிய விஷயம். அந்த எண்ணிக்கையை வெளியிலிருந்து யாரும் உறுதிப்படுத்தவில்லை. கென்யாவும் 2032க்குள் 1,500 கோடி மரம் என்ற இலக்கு வைத்து, 2023 நவம்பர் 13 அன்று மரம் நடுவதற்காகவே நாடு முழுதும் விடுமுறை விட்டது. இப்படிப்பட்ட எண்களைப் பார்க்கும்போதெல்லாம் முந்தைய பதிலில் சொன்ன மூன்றாம் வருடக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பசுமைச் சுவர்னு ஒண்ணு கட்டினாங்களே, அது என்ன ஆச்சு?

2007ல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கியது. செனகல் முதல் ஜிபூட்டி வரை சுமார் 8,000 கிலோமீட்டர். 2030க்குள் 10 கோடி ஹெக்டேரைச் சீராக்க வேண்டும் என்பது இலக்கு. சஹாராவைத் தடுக்க ஒரு மரச் சுவர் என்பது ஆரம்ப எண்ணம். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் நட்ட வரிசையை யார் பார்த்துக்கொள்வார்கள்? பல இடங்களில் கன்றுகள் காய்ந்தன. 2020ல் ஐ.நா. வெளியிட்ட நிலவர அறிக்கையில், சுவருக்கென்று குறித்த பகுதியில் சீரானது சுமார் 40 லட்சம் ஹெக்டேர்தான் என்று இருந்தது. மறு ஆண்டு 1,400 கோடி டாலருக்கும் மேல் தருவதாகப் பணக்கார நாடுகளும் வங்கிகளும் உறுதி சொல்லின. சொன்னது முழுதும் கிராமத்துக்கு வந்து சேரவில்லை.

இப்போது சுவர் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஊர் ஊராக வயல், மேய்ச்சல், தோட்டம், காடு எல்லாம் கலந்த திட்டுகளாகச் செய்கிறார்கள். நைஜர், புர்கினா ஃபாசோ அனுபவத்திலிருந்து வந்த மாற்றம் இது.

புல்வெளியில மரம் நடக்கூடாதுன்னு ஒருத்தர் சொன்னார். மரம் நட்டா நல்லதுதானே?

அவர் சொன்னது சரி. ஆப்பிரிக்காவின் சவானா புல்வெளிகள் காடு அழிந்து உண்டானவை அல்ல. மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. வரிக்குதிரையும் மாடு மேய்ப்பவர்களும் வாழ்வது அந்தப் புல்லை நம்பித்தான். அங்கே நெருக்கமாக மரம் வைத்தால் வெயில் மறைந்து புல் சாகும், ஆற்றுக்குப் போகும் தண்ணீர் குறையும். 2030க்குள் 10 கோடி ஹெக்டேரில் காட்டை மீட்கும் ஏ.எஃப்.ஆர்.100 என்ற ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு முயற்சி 2015ல் தொடங்கியது. அதில் நாடுகள் ஒதுக்கிய நிலத்தில் ஏறக்குறைய பாதி சவானாவும் புல்வெளியும்தான் என்று 2024ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு எச்சரித்தது.

நட்டால் நல்லதா என்பதற்கு, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

கார்பன் கிரெடிட்ல வர்ற காசு அந்த மக்களுக்குப் போய்ச் சேருதா?

காடு உறிஞ்சும் கார்பனைக் கணக்கிட்டு, தாங்கள் விடும் புகைக்கு ஈடுகட்ட நினைப்பவர்களுக்கு விற்பதுதான் கார்பன் கிரெடிட். அந்தப் பணம் சேர்ந்த இடங்கள் உண்டு. எத்தியோப்பியாவின் ஹும்போவில் 2,728 ஹெக்டேர் மொட்டை மலையை ஏழு கூட்டுறவுச் சங்கங்கள் அடிக்கட்டை முறையில் மீட்டன. முதலில் அந்தச் சங்கங்களுக்கு நிலத்தைப் பயன்படுத்தும் சட்ட உரிமை கிடைத்தது, அப்புறம்தான் கார்பன் விற்பனை. வந்த பணத்தில் மாவு மில்லும் தானியக் கிடங்கும் கட்டினார்கள். கென்யாவின் காசி விரிகுடாவில் 117 ஹெக்டேர் சதுப்புநிலக் காட்டைக் காக்கும் மிகோகோ பமோஜா திட்டத்தின் வருமானம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. எதற்குச் செலவு செய்வது என்று ஊரே கூடி முடிவெடுக்கிறது.

சேராத இடங்களும் உண்டு. ஜிம்பாப்வேயின் கரிபா காடு காப்புத் திட்டத்தில் கார்பன் கணக்கு மிகையாகக் காட்டப்பட்டது என்றும், உள்ளூர் மக்களுக்குப் போன பங்கு தெளிவாக இல்லை என்றும் செய்திகள் வந்து, 2023ல் கிரெடிட் விற்ற நிறுவனமே ஒப்பந்தத்திலிருந்து விலகியது. மரம் வளர்க்க உதவ வேண்டும் என்றால் நேரடியாக உதவுங்கள். விமானப் பயணத்துக்கு ஈடுகட்டுவதாக நினைத்து வாங்குவது என் பார்வையில் வேறு விவகாரம்.

பெரிசானதும் அவங்களே வெட்டி வித்துட்டா எல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. கிளை கழித்து விறகு விற்பதும், நாலைந்து மரத்தை வெட்டிப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டுவதும் அவர்கள் மரம் வளர்ப்பதற்கான காரணமே. வெட்டும் உரிமை இல்லாதபோது என்ன நடந்தது என்று இரண்டாம் கேள்வியிலேயே பார்த்தோம். தான்சானியாவின் ஷின்யாங்காவில் சுகுமா மக்களுக்கு ங்கிதிலி என்ற வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் ஒரு பகுதியை அடைத்துவைத்து, கோடையில் மாட்டுக்குத் திறந்துவிடுவார்கள். 1986ல் தொடங்கிய அரசுத் திட்டம் இந்தப் பழைய வழக்கத்தையே தூக்கிப்பிடித்தது. மூன்று லட்சம் ஹெக்டேருக்கும் மேல் காடு மீண்டது. வெட்டவும் மேய்க்கவும் ஊர் விதி இருந்ததால் நிலைத்தது.

ஒரு சிக்கலை மட்டும் கவனிக்க வேண்டும். பல பகுதிகளில் மரம் வைப்பது நிலத்துக்கு உரிமை கொண்டாடுவதற்குச் சமம். அதனால் குத்தகைக்காரருக்கும் பெண்களுக்கும் மரம் வைக்க அனுமதி கிடைக்காது. நாற்றங்காலில் பாடுபடுவது பெண், மரத்துக்கு உரிமை கணவன் பேரில் என்று ஆகிவிடும். இதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு, பதில் சொல்லத் தெரிந்த குழுவையே தேர்ந்தெடுங்கள்.

நம்ம ஊர்லயே ஏரிக்கரை மொட்டையா கெடக்கு. ஆப்பிரிக்காவுக்கு ஏன்?

ஏரிக்கரைக்கும் செய்யுங்கள். உள்ளூரில் நீங்கள் உடலால் உழைக்கலாம், போய்ப் பார்க்கலாம். தூரத்தில் பணத்தால்தான் உதவ முடியும். ஒரே ஒரு மழையை நம்பி, ரேஷன் கடையும் இல்லாமல் வாழும் விவசாயிக்கு வயலில் நிற்கும் மரம்தான் பஞ்ச காலத்தில் தீவனம், விறகு, கைச்செலவு எல்லாம். எனக்கு அது போதுமான காரணமாக இருக்கிறது.

நேர்ல போய் நடலாமா?

ஊரைப் பார்க்க ஆசை இருந்தால் போகலாம். நடுவதற்காக என்றால் வேண்டாம். விமானச் செலவில் ஒரு கிராம நாற்றங்காலே நடக்கும், நடத் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்பலாமா? வரிச் சலுகை கிடைக்குமா?

அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில், ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்புக்குள் வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை தரலாம். நன்கொடைக்கான வருமான வரி விலக்கு (80ஜி என்று அறியப்படுவது) இந்தியாவில் அதற்கெனப் பதிவான அமைப்புகளுக்கு மட்டும்தான், வெளிநாட்டு அமைப்புக்குத் தந்தால் கிடைக்காது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர்கள் அந்தந்த நாட்டில் பதிவான அமைப்பு வழியாகத் தந்தால் அங்குள்ள சலுகை அவர்களுக்குக் கிடைக்கலாம்.

எப்போ அனுப்பினா நல்லது?

மழைக்குப் பல மாதம் முன்பே. நாற்றங்காலில் விதை போட்டு, நடும் அளவுக்குக் கன்று வளரவே மாதக்கணக்காகும். சாஹேலில் ஜூன் மழைக்கு வேலை ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். ஜாய் குழி தோண்டுவதும் கோடையில்தான். கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை என்று இரண்டு பருவம் இருப்பதால் இரண்டு வாய்ப்பு. உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்றுதான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. அந்த ஆண்டின் சாஹேல் நடவுக்கு அது தாமதம்.

முடிந்தால் மொத்தமாக ஒருமுறை தருவதைவிட அதே குழுவுக்கு மூன்று நான்கு வருடம் சிறிய தொகையாகத் தாருங்கள். இரண்டாம் வருடக் காவல்காரருக்கும் வேலிக்கும் பணம் தேடுவதுதான் அவர்களுக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கிறது.